பசறை மிஸ்டர் விஜி

போட்டோக்கொப்பி மெஷின் சூடேற நாலு நிமிடம் எடுக்கும். அந்த நாலு நிமிடத்துக்குள் விஜயலெட்சுமி உலக விஞ்ஞானத்தை ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிடுவாள். பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஏழடி அகலத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது ‘றினாஸ் கொமியுனிகேஷன்’. ஷட்டரைத் தூக்கி, மெஷினைப் போட்டு, குடையை மூலையில் விரித்து வைத்து, பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் உட்காருவாள். அங்கே ரோபோ ஒன்று எழுதிய கடிதங்கள் வரிசையாகக் காத்திருக்கும். நீங்கள் பொறுப்பாக இருக்கும் இன்ன மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, பார்த்து அனுமதிக்கவும் என்று.

ஒவ்வொரு கோப்புக்கும் அறுபத்துநாலு எழுத்தில் ஒரு கைரேகை எண் உண்டு. கோப்பு வழியில் மாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அதை மெஷினே சரிபார்த்துவிடும். இருந்தாலும் கடைசி ஆறையும் இவள் வாய்விட்டுப் படிக்காமல் விடமாட்டாள். “நாலு, பி, ஒம்பது, ஒம்பது, ஈ, ரெண்டு.” கடை முதலாளி றினாஸ் முதல் ஆறு மாதமும் இவள் லொத்தர் பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தார்.

“விழுந்திச்சா புள்ள?”

“விழுகல நானா.”

அவள் பொய் சொல்லவில்லை. இந்த வேலையில் யாருக்கும் எதுவும் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

வேலை என்னவென்றால் இதுதான். பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் மென்பொருள் எழுதுகிறார்கள். மழை எவ்வளவு பெய்தால் மலை சரியும், ஆறு எந்த மட்டத்தில் பெருகும், மண்ணுக்குள் தண்ணீர் எப்படி இறங்கும் என்றெல்லாம் கணக்குப் போடும் மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம் என்று பரந்த மனதோடு வெளியில் வைத்துவிடுவார்கள். பரந்த மனது அதோடு முடிந்துவிடும். அது ஓடுவதற்கு வேறு இருபத்துமூன்று துணை மென்பொருள் வேண்டும், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பதிப்பாக வேண்டும், ஒன்று மாறினால் மற்றது முறைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் எடுத்தவன் தலைவிதி. அந்தத் தலைவிதியைச் சரிபண்ணுவதற்கென்று உலகம் பூராவும் சம்பளமில்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பக்கத்தில் செய்முறை எழுதி, பொதுக் கணினிகளில் கட்டவைத்து, சோதித்து, பொதியாக்கி, எல்லாருக்கும் பொதுவான ஒரு சனலில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்த நாட்டு விஞ்ஞானியும் ஒற்றை வரி தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அது தானாக நடந்தது என்று அவர் நினைப்பார். குடித்த தேயிலையும் தானாகக் கோப்பைக்குள் வந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கூட்டத்தில் விஜயலெட்சுமி சேர்ந்தது புத்திக் குறைவால். பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு மலைச்சரிவுக் கணக்கு மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. அதை நிறுவப் பதினொரு நாள் பிடித்தது. தனக்கு வந்த கஷ்டம் இன்னொருத்தருக்கு வரக்கூடாது என்று ஒரு செய்முறை எழுதி அனுப்பினாள். ஆறு வாரம் திருத்தச் சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தவனைத்தான் கடைசியில் எல்லா நாற்காலியையும் அடுக்கச் சொல்வார்கள். இப்போது அவள் தலையில் பத்தொன்பது பொதிகள். சனலில் அவள் பெயர் ‘விஜி_எல்’. எழுதுகிறவர்கள் எல்லாரும் ‘டியர் மிஸ்டர் விஜி’ என்றே எழுதுகிறார்கள். முதல் வருடம் திருத்தினாள். பிறகு, மிஸ்டராக இருந்தால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது என்று கண்டுபிடித்து விட்டுவிட்டாள்.

பட்டதாரி நியமனம் வரும்வரைக்கும் என்று றினாஸின் கடைக்கு வந்தவள். நியமனம் நாலு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. பசறையிலிருந்து மேலே, பெயரைச் சொன்னால் அதை நடத்தும் துரைக்குக் கோபம் வரக்கூடிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்து வரிசை அறைகளில், ஆறாம் காம்பராவில் அம்மா இராக்கம்மாவோடு இருக்கிறாள். பெயரைச் சொல்லாமல் தோட்டம் என்றே வைத்துக்கொள்வோம். முப்பத்தாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிற இராக்கம்மாவுக்கு, மகளின் வேலையில் ஒரேயொரு சந்தேகம்தான்.

“அந்தப் புரபெசரு உனக்கு என்னா தாராரு?”

“ஒன்னும் தர்றதில்லம்மா.”

“பெறகு அவருக்கு நீ எதுக்கு மூட்ட கட்டுற?”

சனலின் விதிமுறைகளில் மூட்டையை எப்படிக் கட்டுவது என்று மட்டும்தான் இருந்தது.

அந்த மலைச்சரிவு மென்பொருளில் அவளுக்குப் பிடித்தது அதன் பிடிவாதம். மழைக் கணக்கில் ஒரு நாள் வெற்றாக இருந்தால், ‘எண் இல்லை, மேற்கொண்டு சொல்ல முடியாது’ என்று நின்றுவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒன்றைத் தோட்டத்திலும் பல்கலைக்கழகத்திலும் அவள் அதுவரை சந்தித்ததில்லை. அந்தக் குணம் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்று செய்முறையின் கடைசியில் ஒரு சோதனை சேர்த்து வைத்தாள். மற்றவர்கள் மென்பொருள் திறக்கிறதா என்று மட்டும் சோதிப்பார்கள். இவளுடைய சோதனையில் தோட்டத்து மழைப் புத்தகத்தின் ஒரு மாதம் இருந்தது, நடுவில் ஒரு வெற்றுக் கட்டத்தோடு. மென்பொருள் அங்கே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பொதி கட்டப்படாது.

கார்த்திகை மாதம் ஐந்தாம் பதிப்பு வந்தது. வண்ண வண்ணமாக வரைபடம் போடும் பதிப்பு. ரோபோ கடிதம் எழுதியது. விஜயலெட்சுமி கட்டவிட்டாள். விண்டோஸில் சிவப்பு, லினக்ஸில் சிவப்பு, மெக்கில் சிவப்பு. மூன்றிலும் அதே சோதனைதான் தோற்றிருந்தது. மென்பொருளை எழுதிய பேராசிரியரின் குறிப்பில், பதினெட்டாம் வரியில் காரணம் இருந்தது: ‘பயனர் வசதிக்காக, விடுபட்ட மழைப் பதிவுகள் இனிப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளப்படும்.’

“சொல்லாம கொள்ளாம மாத்திட்டானுக” என்றாள் திரையைப் பார்த்து. கிராம சேவகர், அதாவது ஜி.எஸ்., தந்த சான்றிதழைப் பிரதி எடுக்க வந்திருந்த ஆள், ஜி.எஸ்.ஸைத்தான் மாற்றிவிட்டார்களோ என்று பயந்துபோனார்.

பேராசிரியருக்கு மரியாதையாக எழுதினாள். விடுபட்ட நாளும் மழை பெய்யாத நாளும் ஒன்றல்ல என்று. ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. வடக்கு ஐரோப்பாவில் தங்கள் மழைமானிகள் தானியங்கி என்றும், அவை விடுமுறை எடுப்பதில்லை என்றும், தங்கள் பக்கத்துச் சோதனைகள் எல்லாம் பச்சை என்றும், மிஸ்டர் விஜி தன்னுடைய சோதனையை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் எழுதியிருந்தார். ‘எடுக்கலாம், அந்த நாளில் பெய்த மழையையும் எடுத்துவிடுவதாக இருந்தால்’ என்று அடித்தாள். அழித்தாள். ‘நன்றி. சோதனை இருக்கட்டும்’ என்று அனுப்பினாள். புதிய பதிப்பைச் சனலில் ஏற்றாமல் நிறுத்திவைத்தாள்.

அதற்குப் பிறகு உலகம் அவளைக் கவனிக்க ஆரம்பித்தது. நாலு வருடமாக ஒரு நன்றி எழுதாத ஜனங்கள், ஒரு வாரத்தில் நாற்பத்தொரு கடிதம் போட்டார்கள். ஒருத்தருக்கு ஆய்வுக்கட்டுரைக் கெடு. ஒருத்தருக்கு மாணவர்கள் காத்திருக்கிறார்கள். ‘இதை யாராவது பார்த்துக்கொள்கிறார்களா, அல்லது மிஸ்டர் விஜி இறந்துவிட்டாரா?’ என்று ஒருத்தர் அக்கறையாக விசாரித்தார். இன்னொருத்தர், பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளத் தயார் என்றும், அந்தத் தேவையில்லாத சோதனையை முதல் வேலையாக நீக்குவதாகவும் வாக்களித்தார். சனலின் மூத்தவர்கள் இரண்டு வாரத்தில் முடிவு சொல்லும்படி கேட்டார்கள். வாக்களித்தவருக்கு ஏற்கனவே பதினாறு பேர் ஆதரவு.

அதே கார்த்திகையில் தோட்டத்திலும் மழை. மேல் டிவிசன் லயத்துக்குப் பின்பக்கத்து மலையில் கையகலத்துக்கு ஒரு வெடிப்பு கண்டு, இருபத்திரண்டு குடும்பத்தையும் கீழேயுள்ள பாடசாலைக்கு இறக்கிவிட்டார்கள். விஜயலெட்சுமியும் அம்மாவும் நாலாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் படுத்தார்கள். துரைக்கு இது பிடிக்கவில்லை. பாடசாலையிலிருந்து மேல் மலைக்கு ஏறிவர முக்கால் மணித்தியாலம் பிடித்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யாரும் நேரத்துக்கு வரவில்லை. லயம் பாதுகாப்பானது என்று யாராவது எழுதித் தந்தால் நல்லது என்று கம்பனி நினைத்தது. அதற்குப் பண்டாரவளையிலிருந்து ஸரூக் என்ற ஆலோசகப் பொறியியலாளர் வந்தார். மலைகளைப் பரிசோதிப்பது அவர் தொழில். அவருடைய சப்பாத்தில் சேறு இருந்து யாரும் பார்த்ததில்லை.

அவர் அறிக்கையை அச்செடுக்க றினாஸின் கடைக்கு வந்தார். இருபத்துமூன்று பக்கம், மூன்று பிரதி, ஸ்பைரல் பைண்டிங், முன்பக்கம் கலர்.

“கொஞ்சம் அவசரம் தங்கச்சி. நாலு மணிக்குத் தொரைட கையில குடுக்கணும்.” பிறகு, காத்திருக்கும் நேரத்தில் வாய் சும்மா இருக்காமல், றினாஸிடம் சொன்னார்: “இந்த ரிப்போர்ட் நேத்தே முடிஞ்சிருக்கும் நானா. புது சொஃப்ட்வெயார் சனல்ல ஈக்கணும். எவனோ விஜி_எல்னு ஒரு பைத்தியம், அத ஏத்தாம புடிச்சு வெச்சிக்கிட்டு ஈக்கிறான். கடைசில புரபெசர்ட பக்கத்துக்கே போய் எடுத்து, ஒரு நாள் பூரா கஷ்டப்பட்டுப் போட்டேன்.”

“அப்பிடியும் ஆக்கள் ஈக்கிறாங்களா?” என்று றினாஸ் வருத்தப்பட்டார்.

விஜயலெட்சுமி மெஷினிலிருந்து வந்த பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினான்காம் பக்கத்தில் கை நின்றது. மழை அட்டவணை. ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வரிகளில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். ஒன்பதாம் வரியின் வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. அடுத்த நாள் சனி, அதற்கடுத்தது ஞாயிறு. மூன்று நாளும் பசறை பஸ் மேலே ஏறவில்லை. லயத்து வாசலில் நின்ற தண்ணீரை அம்மாவும் அவளும் சோற்றுச்சட்டியால் அள்ளிக் கொட்டினார்கள். வெடிப்பு கண்டது அதற்கு மறுநாள். பக்கத்தின் அடியில் பச்சை எழுத்தில் முடிவு: பாதுகாப்பு எண் 1.24. எண் ஒன்றுக்கு மேலே இருந்தால் மலை நிற்கும், கீழே போனால் சரியும். குடும்பங்கள் திரும்பிப் போகலாம்.

“சேர், இந்த மூணு நாளும் மழ சைபர்னு இருக்கே.”

“தோட்டத்துப் புத்தகத்துல உள்ளதுதான்.”

“புத்தகத்துல சைபர்னு எழுதியிருக்கா, இல்ல வெறுங்கட்டமா?”

போட்டோக்கொப்பி எடுக்கிறவள் கேட்கிற கேள்வியாக அது இல்லை. ஸரூக் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “வெறுசுதான். சொஃப்ட்வெயாரே சைபர் போட்டிருக்கு. வெள்ளக்காரன் எழுதினது, அது பிழையாப் போடுமா? நீங்க பைண்ட் பண்ணுங்க.”

“அன்னைக்கு எங்க லயத்து வாசல்ல மொழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு சேர்.”

“மொழங்கால வெச்சு ரிப்போர்ட் எழுத ஏலுமா தங்கச்சி?”

அவருக்கும் உள்ளுக்குள் எங்கோ உறுத்தியிருக்கவேண்டும். உறுத்தலை யார்மேலாவது இறக்கிவைக்கவேண்டுமே. போனை எடுத்தார், சனலின் பக்கத்தைத் திறந்தார், நின்ற நிலையிலேயே நாற்பத்திரண்டாவது கடிதத்தை எழுதினார். ‘நான் இலங்கையில் ஒரு பொறியியலாளர். மனித உயிர்கள் சம்பந்தப்பட்ட வேலை. மிஸ்டர் விஜி கொஞ்சமும் பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறார்.’

அனுப்பினார். மூன்றடி தள்ளியிருந்த கடைக் கொம்பியூட்டர் ‘டிங்’ என்றது.

விஜயலெட்சுமி திரையைப் பார்த்தாள். இரண்டு பிரதியைக் கட்டி முடித்து மூன்றாவதில் இருந்தவள், பைண்டிங் மெஷினின் பிடியை விட்டாள். கொண்டையிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். உட்கார்ந்து அடித்தாள். ‘அன்புள்ள பொறியியலாளர் அவர்களுக்கு, உங்கள் அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் ஒன்பது முதல் பதினொன்று வரையான வரிகள் தவறு. தயவுசெய்து போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து பாருங்கள்.’

ஸரூக்கின் போன் ‘டிங்’ என்றது. படித்தார். இன்னொரு தரம் படித்தார். நிமிர்ந்தார். றினாஸ் இவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினார்.

“நீங்களா?”

“ஆமாங்க சேர்.”

“ஆம்பளன்னு நெனச்சேன்.”

“பைத்தியம்னுந்தான் நெனச்சீங்க. பரவால்லங்க. டேட்டாவக் குடுங்க.”

ஒற்றை வரி தட்டினாள். நாற்பது விநாடியில் பழைய பதிப்பு இறங்கி உட்கார்ந்தது. ஒரு நாள் பூராவும் கஷ்டப்பட்டவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழைக் கணக்கைக் கொடுத்ததும் மென்பொருள் ஒன்பதாம் வரியில் நின்றது. எண் இல்லை, மேற்கொண்டு சொல்ல முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தானியங்கி மழைமானி ஒன்று உண்டு. அதன் கணக்கு யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் இருக்கிறது. அந்த மூன்று நாளுக்கும் எழுபத்தொன்று, தொண்ணூற்றாறு, ஐம்பத்தெட்டு மில்லிமீற்றர். அதைப் போட்டுப் பார்த்தார்கள். எண் 0.93.

ஸரூக் சத்தம் வெளியே வராமல் ஏதோ ஓதினார். பிறகு தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு, பெரிய கிளாக்கரைப் பிடித்து, ஸ்பீக்கரில் விட்டார்.

“அந்த மூணு நாளும் ஆபீஸ் லீவுங்க சேர்” என்றார் பெரிய கிளாக்கர். “திங்கக்கெழம வந்து பாத்தேன், மழ பாக்குற கிளாசு நெறஞ்சு வழியுது. அது திங்கக்கெழம பேஞ்ச மழ இல்லைங்களே. அதான் கொட்டிட்டேன். இருவத்தெட்டு வருச சர்வீசுல பொய்க்கணக்கு எழுதுனதில்லைங்க நானு.”

அந்த நேர்மைக்கு நன்றி சொல்லி ஸரூக் போனை வைத்தார்.

இந்த இடத்தில் ஸரூக்கைக் கேலி செய்ய வழியில்லாமல் போய்விட்டது. பைண்ட் பண்ணின இரண்டு பிரதிகளையும் அவரே பிரித்தார். ‘மழைப் பதிவு முழுமையாக இல்லாததால் லயம் பாதுகாப்பானது என்று கூற முடியாது, குடும்பங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது’ என்று ஒற்றைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்து வைத்து, கலர் முன்பக்கம் இல்லாமல், நாலு மணிக்குத் துரையிடம் கொண்டுபோனார். துரை என்ன சொன்னார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கம்பனி அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவும் இல்லை.

பாடசாலையில் இருபத்திரண்டு குடும்பமும் கொதித்தது. அடுத்த நாளிலிருந்து வெயில் வேறு அடித்தது. நல்ல கார்த்திகை வெயில், துணி காயப்போடுகிற வெயில். மேலே லயம் ஒன்றும் தெரியாததுபோல் கூரைத்தகரம் பளபளக்க உட்கார்ந்திருந்தது.

“எவனோ கொம்பியூட்டர்காரன் வேணாம்னுட்டானாம்” என்று இராக்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். “நாலாங் கிளாஸ் பெஞ்சில கெடந்து என் இடுப்பு போச்சு. அவன் வெளங்குவானா? அவன் வீட்டுல அடுப்பு எரியுமா?”

“சோத்தப் போடும்மா” என்றாள் மகள்.

அடுப்பு எரிந்தது. சாப்பிட்டாள். பாதியில் எழுந்து கையைக் கழுவினாள். 0.93 என்பது ஜோசியம் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மழை இந்தப் பக்கம் அப்படியே பெய்திருக்கவேண்டும் என்று சட்டமில்லை. மண்ணின் கணக்கு ஸரூக் கொடுத்தது, மலையில் தோண்டி எடுத்ததல்ல. ஆறாம் நாள் இரண்டு குடும்பம் யார் பேச்சையும் கேட்காமல் மேலே போய்க் காம்பராவைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தது. நாளைக்குச் சாமான் ஏற்றுவதாக இருந்தார்கள். விஜயலெட்சுமி கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்கை மறுபடி ஓட்டினாள். மண்ணைக் கொஞ்சம் பலமாக வைத்து ஓட்டினாள். மழையைக் குறைத்து ஓட்டினாள். எண் 0.97 ஆனது. ஒன்றைத் தொட மறுத்தது. சனலில் பொறுப்பைக் கேட்டவருக்கு ஆதரவு இருபத்தொன்பதாகியிருந்தது. மூத்தவர்கள் கொடுத்த தவணையில் மூன்று நாள் மிச்சம். இரண்டு இடத்திலும் ஒரே ஆளைத்தான் திட்டுகிறார்கள் என்பது அவளையும் அன்று கடையில் நின்ற இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. பின்னேரம் பாடசாலைக்குப் போய், சாமான் ஏற்ற இருந்த இரண்டு குடும்பத்திடமும், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டாள். ஏன் என்று கேட்டார்கள். அதற்கு அவளிடம் ஒரு தசம எண்தான் இருந்தது. அதைச் சொன்னாள். சிரித்தார்கள். ஆனாலும், படித்த பிள்ளை கையைப் பிடித்துக் கேட்கிறதே என்று இருந்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் பகல் பதினொரு மணி. வெயிலும் அடிக்கவில்லை, மழையும் பெய்யவில்லை. ஆட்கள் எல்லாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தபோது மூன்றாம் காம்பராவிலிருந்து பத்தாம் காம்பரா வரைக்கும் லயம் இருந்த இடத்தில் சிவப்பாக மண் இருந்தது. மனிதர் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. செத்தது இராக்கம்மாவின் ஆடு மட்டும். பாடசாலைக்குள் ஆடு கட்டக்கூடாது என்று அதிபர் சொன்னதால் அதை லயத்திலேயே விட்டிருந்தாள்.

இராக்கம்மா கூடையை இறக்காமல் அப்படியே நின்று, ஆறாம் காம்பரா இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். பின்னேரம் றினாஸ் பக்கத்துப் பேக்கரியின் நாலு பொதி பாணோடு பாடசாலைக்கு வந்து, கொம்பியூட்டர்காரன் யார் என்பதை ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டார். அம்மா மகளைத் தேடிக்கொண்டு வந்தாள். என்ன சொல்லுவாளோ என்று சுற்றியிருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

“எல்லாஞ் சொன்ன புள்ள, ஆட்டயும் அவுத்து உட்டுட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். சொல்லிவிட்டு மகளின் தலையைத் தன் வயிற்றோடு இறுக்கி வைத்துக்கொண்டு, ஆட்டுக்காக அழுவதுபோல் அழுதாள்.

மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. வாகனங்கள் வந்தன, குடைகள் வந்தன, அரிசி மூட்டையைக் கையில் கொடுக்கும் படங்கள் எடுக்கப்பட்டன. துரையின் முன்யோசனையைப் பாராட்டி ஒரு பத்திரிகை கால் பக்கம் எழுதியது. ஸரூக், மண்ணின் படத்தையும் பதினான்காம் பக்கத்தையும் சேர்த்துப் பேராசிரியருக்கு அனுப்பினார். இந்த முறை ஆறு நாள் ஆகவில்லை. மூன்று மணித்தியாலத்தில் பதில் வந்தது, நாலு நாளில் புதிய பதிப்பு வந்தது. விடுபட்ட பதிவு இருந்தால் மென்பொருள் இனி நின்றுவிடும் என்றும், இது ‘பயனர்களின் வேண்டுகோளுக்கு இணங்க’ என்றும், இந்த முன்னேற்றத்துக்கு உதவிய மிஸ்டர் விஜிக்கு நன்றி என்றும் குறிப்பில் இருந்தது. மூன்று இயக்குதளத்திலும் பச்சை. விஜயலெட்சுமி கைரேகை எண்ணைப் படித்துவிட்டு ஏற்றிவிட்டாள். பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தவர் வேறு பொதியைத் தேடிப் போய்விட்டார். நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் அதன்பிறகு எழுதவில்லை. ஸரூக் மட்டும் எழுதினார்: ‘அன்புள்ள விஜயலெட்சுமி மிஸ்’ என்று.

தை மாதம் பேராசிரியர் உலகப் பயனர்களுக்கெல்லாம் ஒரு இணையக் கூட்டம் வைத்தார். மிஸ்டர் விஜி ஐந்து நிமிடம் பேசவேண்டும், எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று அழைப்பு. பசறை நேரம் பின்னேரம் மூன்று மணி. றினாஸ் தன் காசில் புது ஹெட்ஃபோன் வாங்கித் தந்தார். விஜயலெட்சுமி ஐந்து நிமிடப் பேச்சை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் பேராசிரியர் பேசினார். சமூகம், பகிர்வு, திறந்த விஞ்ஞானம் என்று நாற்பது நிமிடம் பேசினார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் அறுபது முகங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் எட்டாம் காம்பராப் பெரியம்மா கடை வாசலில் வந்து நின்றாள். ஐ.டி. கார்டு மண்ணுக்குள் போய்விட்டது. அது இல்லாமல், பாடசாலையிலிருந்து மாற்றிவிட்ட கூடாரத்துக்குத் தகரம் தரமாட்டார்களாம். ஆபீஸ் நாலு மணிக்குப் பூட்டிவிடுமாம். கையில் பொலிஸ் அறிக்கையும் நிரப்பாத படிவமும் இருந்தன.

“வேல இருந்தா நாளைக்கு வாறேன் கண்ணு.”

“வாங்க பெரியம்மா, உக்காருங்க.”

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பெயர், பிறந்த வருடம், டிவிசன் எல்லாம் கேட்டு எழுதினாள். ‘அட்டை தொலைந்த விதம்’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்று, பிறகு ‘மலை சரிந்து’ என்று எழுதியது. மேசையிலிருந்த ஹெட்ஃபோனுக்குள்ளிருந்து பேராசிரியரின் குரல் எறும்பளவில் கேட்டது: இப்போது நம்முடைய மிஸ்டர் விஜி, மிஸ்டர் விஜி, இருக்கிறீர்களா?

பெரியம்மாவுக்குக் கையெழுத்து வராது. விஜயலெட்சுமி அவளுடைய இடது பெருவிரலைப் பிடித்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, வெடித்து, ரேகையே தேய்ந்துபோன விரல். அதை மைப்பெட்டியில் ஒற்றி, படிவத்தில் காட்டிய இடத்தில் வைத்து, பதியட்டும் என்று தன் விரலையும் மேலே வைத்து மெதுவாக அமுக்கிக்கொண்டிருந்தாள்.